ஒன்றும் ஐந்தில் மூன்றும்

சாவியை அழுத்திக்கொண்டு உட்கார ஆள் வேண்டும்,
மணிக்குப் பதினான்கு யூரோ, தேநீர் உண்டு
என்று தேவாலயக் கதவில் ஒட்டியிருந்தார்கள்.
பிப்ரவரி. எங்கள் நீரேற்று நிலையத்தில்
ஒரு பம்பு பிரித்துப் போட்டுக் கிடந்தது.
போனேன்.

இசை தெரியுமா என்றாள் கெஷெ ஹார்ம்ஸ்.
தெரியாது.
ரொம்ப நல்லது என்று
ஆர்கனின் விலாவில் ஒரு சிறுகதவைத் திறந்து
பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.
அப்புறம் அவள் ஒரு குரல்: 'அடுத்து.'
நான் ஒரு விரல்.

பீங்கான் குமிழ்களில் அடிக்கணக்கு.
பதினாறு, எட்டு, நான்கு,
மதகுப் பலகைக்கு அளவெடுத்ததுபோல் ஒழுங்கான எண்கள்.
ஓரத்தில் ஒன்று மட்டும்
ஒன்றும் ஐந்தில் மூன்றும்.
அதை இழு, மற்றதையெல்லாம் உள்ளே தள்ளு என்றாள்.

ஸ அழுத்தினேன்.
காலையிலிருந்து எட்டடியில் அழுத்திய அதே ஸ.
வந்ததோ எங்கோ கூரையோரத்தில்
மெலிந்து, மூக்கால் பேசும் ஒரு க.
'இது பழுது' என்று கத்தினேன்.
'அதன் வேலையே அதுதான்' என்றது பெட்டி.
'எட்டடிக்குள் எப்படியும் ஒரு க ஒளிந்திருக்கிறது.
இது அதைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.
அடுத்து.'

நடு ப-வில் ஒன்றும் வரவில்லை.
உஸ்ஸென்று காற்று.
உலோகம் உரசும் ஒலி, ஒரு ஊதல்,
பிறகு பலகை இடுக்கு வழியே அவள் கை வெளியே நீண்டது.
உள்ளங்கையில் காய்ந்த குளவி.
சிறகு ஒன்றுகூடச் சிதையவில்லை.

'குழலைத் தொட்டுவிட்டேன், சூடேறியிருக்கும்.
ஆறும்வரை பொய்ச் சுருதிதான் பேசும். தேநீர் குடி.'

குளவியைத் தட்டில் வைத்தேன், சர்க்கரைக் கட்டிக்குப் பக்கத்தில்.
எப்போது நுழைந்திருக்கும் என்றேன்.
போன கோடையாக இருக்கலாம், அதற்கு முந்தையதாகவும்.

போன அக்டோபரில்
இந்தப் படிகளுக்குக் கீழேதான் மென்னோவின் பெட்டி.
பாட்டின் மூன்றாம் அடியில், ஒரே ஒரு இடத்தில்,
மின்சாரம் தாழ்ந்த பல்புபோல் ஓசை மங்கியது.
நான்கு சரணம். நான்கு முறை.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
என் காதுதான் என்று நினைத்தேன்.
தம்பி போன இடம் அங்கே விழுந்திருக்கிறது என்று நினைத்தேன்.
இன்ஸாவிடம்கூடச் சொல்லாமல்
இத்தனை மாதம் அதை என் சொந்தமாக வைத்திருந்தேன்.

சிரிப்பு வந்தது.
பிறகு, தேநீர் ஆறுவதற்குள், கொஞ்சம் கோபமும்.

'இப்போது எட்டடியையும் இழு. ப.'

இரண்டும் ஒன்றையொன்று உரசின.
வ்வா வ்வா வ்வா என்று ஒரு துடிப்பு.
இது எனக்குத் தெரியும்:
இரண்டு பம்புகள் ஒரே வேகம் என்று நடித்து ஓடும்போது
தரை இப்படித்தான் அதிரும்.
உள்ளே அவள் கூம்பால் ஒரு தட்டு.
துடிப்பு நீண்டது. இன்னொரு தட்டு.
படகு தூரம் போனபின் கரையைத் தொடும் அலைபோல்
ஒன்று வந்தது,
வெகுநேரம் கழித்து இன்னொன்று,
அப்புறம் இல்லை.

'மேலே நி கேட்கிறதா?'
தேடினேன்.
ப மட்டும்தான் இருந்தது,
பித்தளை விளக்கைப் புளிபோட்டுத் துலக்கியதுபோல்
நிறம் மாறி.
'கேட்கவில்லை' என்றேன்.
'அப்படியானால் சேர்ந்துவிட்டது. அடுத்து.'

விரலை எடுத்தேன். மறுபடி அதிலேயே வைத்தேன்.
'அது முடிந்தது' என்றாள்.
தெரியும் என்றேன். நாலு பாக்கி.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
மூன்றாவதன்போது
கூம்பைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது.
நான்காவதைக் காற்று தீருமட்டும் பிடித்துக்கொள்ள நினைத்தேன்,
மோட்டார் துருத்தி, அது தீராது.
நானாகத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

பிறகு அடுத்த சாவி.